கம்பைக் கீழே வச்சுட்டுக் கேட்டவரு

எங்க கங்காணியோட மொகம் எனக்கு இப்பச் சரியா ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது. இருமல் மட்டும் அப்படியே காதுல இருக்கு. கொழுந்தெடுக்க மலை ஏறுறப்ப பனிமூட்டத்துல முன்னால போறவ முதுகுல தொங்குற கூடைகூடத் தெரியாது. ஆனா எல்லாருக்கும் பின்னால, கடைசி ஆளுக்கும் பின்னால, அந்த இருமல் வந்துக்கிட்டே இருக்கும். ரெண்டு இருமல், ஒரு செருமல். அது கேட்டுச்சுன்னா ஆளுங்க எல்லாரும் வந்து சேந்தாச்சுன்னு அர்த்தம். இப்பவும் சில நாளு விடியிற நேரத்துல அரைத் தூக்கத்துல அது கேக்குது. எழும்பிக் கதவைத் தெறந்தா வெளிய பனிதான் நிக்குது.

மத்த கங்காணிமாரு எல்லாம் முன்னாலதான் போவாங்க. கோட்டு என்ன, தலப்பா என்ன, கக்கத்துல இடுக்குன குடை என்ன! அவுங்க ஒரு எட்டு வச்சா பின்னால நாப்பது பொம்பளைங்க ஓட்டமா ஓடணும். எங்காளு மட்டும் பின்னால. ஏன்னு கேட்டா உடனே வேதத்தைத் தூக்கிக்கிட்டு வந்துடுவாரு. எனக்கு வாயி கொஞ்சம் நீளம். ஒரு தடவை மடக்குனேன்: "மேய்ப்பன் முன்னால போவான், ஆடுங்க பின்னால போகும்னுதானே கங்காணி நீங்களே வாசிச்சீங்க?"

நின்னு யோசிச்சாரு. நெசமாவே யோசிச்சாரு, நான் கேலி பண்றேன்னு அவருக்குத் தோணவே இல்ல.

"முன்னால போற மேய்ப்பன் ஆண்டவரு, புள்ள. நான் அவரு வச்சிருக்கிற நாயி. நாயி பின்னாலதான் ஓடும்."

எங்க தேயிலைத் தோட்டம் வட்டகொடை ரயில் டேசனுக்கு மேல. பத்துப் பதினஞ்சு குடும்பந்தான் வேதக்காரங்க, மத்தவங்க எல்லாம் மாரியம்மன் கோயில். டவுன்ல இருந்து போதகரு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. மத்த ஞாயித்துக்கெழம எல்லாம் ஜெபக்கூடத்துல வாசிக்கிறதும் பேசுறதும் எங்க கங்காணிதான். பேசுறது ஒரே ஒரு விசயந்தான்: ஆளுகளை நடத்துறவன் எப்படி நடந்துக்கணும். கல்யாண வீட்டுலயும் அதான், எழவு வீட்டுலயும் அதான். அங்க உக்காந்திருக்கிற எங்கள்ல ஒருத்தருக்கும் நடத்துறதுக்கு ஒரு ஆளு கெடையாது, வீட்டுக் கோழியத் தவுர. இருந்தாலும் கேட்டுக்கிட்டு இருப்போம். "மோசேக்குக் குடுத்தது லட்சக் கணக்குல ஆளுங்க. எனக்குக் குடுத்தது முப்பத்தெட்டு. ஆனா கேள்வி கேக்கப்போறவரு ஒருத்தருதான்"னு சொல்லிட்டுக் கண்ணை மூடிக்குவாரு. மழை தகரத்துல விழுந்துக்கிட்டே இருக்கும். அவரு தூங்கிட்டாரோன்னு நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவோம்.

அவரோட இந்த வேதப் பைத்தியத்துல நான் பட்ட பாடு ஒண்ணு இருக்கு. ஒரு மார்கழி, பல்லு தந்தியடிக்கிற குளிரு. பாவம் மனுசன் நனைஞ்சுபோயி நிக்கிறாரேன்னு, அடுப்படிக்கு எறங்கிப்போயி, வெல்லத்தைப் போட்டுச் சூடா தேத்தண்ணி ஊத்திக்கிட்டு, ஒரு மைல் ஏத்தத்துல சிந்தாமக் கொண்டாந்து குடுத்தேன். வாங்குனாரு. முப்பத்தெட்டு பேரும் கொழுந்தெடுக்கிறத நிறுத்திட்டு அந்தக் கோப்பையவே பாத்தாங்க. தாவீது ராஜாவுக்குத் தாகம் எடுத்தப்ப மூணு வீரனுங்க உசிரைக் குடுத்துத் தண்ணி கொண்டாந்தாங்களாம், ராஜா அதைக் குடிக்காமத் தரையில ஊத்துனாராம். அந்தக் கதையச் சொல்லிக்கிட்டே, என் தேத்தண்ணிய அப்படியே தேயிலைச் செடி மூட்டுல ஊத்திட்டாரு!

"ஏன் கங்காணி, நான் என்ன எதிரிப் பட்டாளத்தையா வெட்டிட்டு வந்தேன்? அடுப்படியில இருந்துதானே கொண்டாந்தேன்?"ன்னு கத்துனேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு வாரம் அவருகிட்ட மொகம் குடுத்துப் பேசல. அடுத்த வாரம் பாத்தா முப்பத்தெட்டு பேருக்கும் தேத்தண்ணி வாளி மலைக்கே வருது. கங்காணிமாருக்கு மேல இருந்து வேலையப் பாக்குற கண்டாக்கையாகிட்ட எத்தனை தடவ போயி நின்னாரோ தெரியாது. எல்லாரும் குடிச்ச பெறகு கடைசியா அவரு குடிச்சாரு. நான் கொண்டாந்த தேத்தண்ணிய ஊத்துனதுல எனக்கு இன்னமும் கோவம் போகல, அது வேற.

இப்படிப்பட்டவரு வருசத்துக்கு ஒரு நாளு இன்னொண்ணு செய்வாரு. டிசம்பர் கடைசி நாளு, காலப் பெரட்டு. வேலைக்குப் பேரு கூப்புடுற அந்தக் களத்துல, கண்டாக்கையா வர்றதுக்கு முன்னால, தலப்பாவ அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, கையில இருக்கிற கம்பைக் கீழே வச்சுட்டு எங்க முன்னால வந்து நிப்பாரு. வருசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் முன்னால. வேதத்துல சாமுவேல்னு ஒரு கெழவரு, வயசாகிப்போயி சனங்க முன்னால நின்னு, நான் யாரோட மாட்டையாவது எடுத்தேனா, யாருக்காவது அநியாயம் பண்ணேனான்னு கேட்டாராம். அதே மாதிரி இவரும் கேப்பாரு.

"இந்த வருசம் உங்க யாருகிட்ட இருந்தாவது நான் எதையாவது எடுத்திருக்கேனா? எடுத்திருந்தா இப்பச் சொல்லுங்க. திருப்பிக் குடுத்துடுறேன்."

பனிக்குள்ள எங்க மொகம் அவருக்குத் தெரியாது, அவரு மொகம் எங்களுக்குத் தெரியாது. அப்பறம் பின்வரிசையில இருந்து எவளாவது, "எங்க தூக்கத்தை எடுத்துட்டீங்க கங்காணி!"ம்பா.

"அது தொரை எடுத்தது. என் மேல போடாத"ன்னு மெனக்கெட்டு பதில் சொல்லுவாரு.

அவருக்கு அந்த நாளு ரொம்பப் பிடிக்கும். இப்ப யோசிச்சா, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னு தெரிஞ்சதுனாலதான் பிடிச்சுச்சோன்னு தோணுது. ஒரு வெத்தல, ஒரு முட்டை எங்ககிட்ட வாங்குனது இல்ல. அது நெசம். அந்த நெசத்து மேல அவருக்கு ஒரு ஆசை இருந்துச்சு. நல்ல மனுசனுக்கும் அப்படி ஒண்ணு இருக்கும்போல.

எங்ககிட்ட இருந்து அவரு எடுத்தது என்னன்னு எங்களுக்கே தெரியாது. தெரியிறதுக்கு ரொம்ப வருசம் ஆச்சு.

எனக்கு அம்மா வச்ச பேரு மாரியாயி. பதினாலு வயசுல தோட்டத்துல பேரு பதிஞ்சதும் அந்தப் பேருலதான். எனக்கு இருபது வயசா இருக்கிறப்ப எங்கப்பா வேதத்துல சேந்தாரு. குடும்பத்தோட எங்களுக்கு ஞானஸ்நானம் ஆச்சு. போதகரு எனக்கு மார்த்தான்னு பேரு வச்சாரு. அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்ல. ஜெபக்கூடத்துல ஒரு பேரு, பெரட்டுல ஒரு பேருன்னு ரெண்டு பேரோட காலத்தை ஓட்டுனவங்க தோட்டந்தோட்டமா இருக்காங்க. எங்காளு விடுவாரா? புதுசா வேதத்துல சேந்த பதினோரு பேரையும் ஆபீசுக்கு இழுத்துக்கிட்டுப் போனாரு. ஆளுங்க பேரு பதியிற செக்ரோல் பொஸ்தகத்துலயும் புதுப் பேருதான் ஏறணுமாம்.

ஆபீசுல இருந்த கிளாக்கரையாவுக்கு வேலைன்னா வேப்பங்காயி. "பேரை மாத்தணும்னா தொரைகிட்டக் கேக்கணும், கடுதாசி எழுதணும். அதெல்லாம் எதுக்கு? பழைய ஆளு தோட்டத்தை விட்டுப் போயாச்சுன்னு ஒரு கோடு போட்டுடுறேன். புதுப் பேரைப் புது ஆளாப் பதிஞ்சுடுறேன். என்னா கங்காணி?"

எங்க கங்காணிக்கு வந்த சந்தோசத்தைப் பாக்கணுமே! "அப்படித்தானேங்க வேதமும் சொல்லுது! பழைய ஆளு போயாச்சு, புது ஆளு வந்தாச்சு. போடுங்க, போடுங்க"ன்னாரு. கிளாக்கரையா பதினோரு கோடு போட்டாரு. அந்த ஞாயித்துக்கெழம பிரசங்கமும் அதான். நாங்களும் எங்களைப் பத்திப் பேசுறாரேன்னு வெக்கப்பட்டுக்கிட்டுச் சிரிச்சோம்.

நாட்டுக்குச் சுதந்திரம் கெடச்ச கையோட ஒரு சட்டம் வந்துச்சு. நாங்க இந்தியாவுல இருந்து வந்தவங்களாம், இந்த நாட்டு ஆளுங்க இல்லையாம். ஆகணும்னா எழுதிக் கேக்கணுமாம், இத்தனை வருசமா விடாம இங்கேயே இருந்தோம்னு காட்டணுமாம். எழுதிக் கேட்டோம். ரெண்டு மூணு வருசம் சத்தமே இல்ல. அதுக்குள்ள எம் புருசன் மரம் வெட்டுற எடத்துல கிளை விழுந்து செத்துப்போனாரு. அஞ்சாம் நம்பர் மலை ஓரத்துல பொதச்சோம். நானும் ஒரு பொம்பளப் புள்ளையும் மிச்சம்.

அப்பத்தான் கடுதாசி வந்துச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியாரு வாசிச்சுச் சொன்னாரு. மாரியாயின்னு ஒருத்தி இந்தத் தோட்டத்தை விட்டுப் போயிட்டதாப் பதிவு இருக்குதாம். மார்த்தாங்கிறவ அதுக்குப் பெறகு வந்தவளாம், அவளுக்கு வருசம் போதாதாம். மூணு மாசத்துக்குள்ள சாட்சி காட்டலேன்னா மனு தள்ளுபடி.

"நான்தானேங்க ரெண்டு பேரும்!"ன்னேன்.

"நீ சொன்னாப் போதுமா? பொஸ்தகம் அப்படிச் சொல்லுதே"ன்னாரு வாத்தியாரு.

பதினோரு பேருக்கும் அதே கடுதாசி. இந்தியாவுல எந்த ஊரு, யாரு வீடுன்னு கேட்டா எங்கப்பனுக்கே சொல்லத் தெரியாது. பேப்பரு இல்லேன்னா எம் புள்ளயக் கூட்டிக்கிட்டு நான் எங்க போறது? அன்னைக்கு முழுக்க நான் கொழுந்தெடுக்கல, செடியப் பிச்சேன். பின்னால அந்த இருமல் கேக்குறப்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. அவருகிட்ட ஒண்ணும் கேக்காமப் பொறுத்துக்கிட்டேன். வருசக் கடைசிக்கு ஒம்பது நாளுதான் இருந்துச்சு.

அந்த நாளும் வந்துச்சு. அப்படி ஒரு பனிய அதுக்குப் பெறகு நான் பாக்கல. களமே இல்ல, நாங்க எல்லாரும் மேகத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருந்துச்சு. அவரு தலப்பாவ அவுத்தாரு. கம்பைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டுச்சு. வழக்கமாக் கேக்குறதக் கேட்டாரு.

"எடுத்திருக்கீங்க கங்காணி"ன்னேன்.

யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. கேலின்னு நெனச்சுட்டாங்க. அவரும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு.

"யாரு புள்ள அது?"

"மாரியாயி."

"எந்த மாரியாயி?"

"தோட்டத்தை விட்டுப் போயிட்டாளே, அந்த மாரியாயி. நீங்க கோடு போடச் சொன்னீங்களே, அவ. அவ கூடை சொமந்த ஆறு வருசம் இப்ப எங்க கங்காணி? மாட்டை எடுத்தேனா, கோழிய எடுத்தேனான்னு வருசா வருசம் கேக்குறீங்களே. எங்க பதினோரு பேரோட பேரை எடுத்தீங்க. பேரோட எங்க நாட்டை எடுத்தீங்க. திருப்பிக் குடுங்க!"

சொல்லியிருக்கக் கூடாதோன்னு ஒரு நிமிசம் தோணுச்சு. இல்ல, சொல்லத்தான் வேணும்னும் தோணுச்சு.

பனிக்குள்ள இருந்து அவரு குரலு வந்துச்சு. பிரசங்கக் குரலு இல்ல. "சாமுவேலுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. நீ எனக்குச் சொல்லிட்ட." பெறகு, "ஆபிரகாமுக்குப் பேரை மாத்துனது கடவுளு. நான் யாரு மாத்துறதுக்கு? நாயின்னு சொல்லிக்கிட்டே மேய்ப்பன் வேலையப் பாத்துட்டேன்"னாரு. கண்டாக்கையா வந்து பேரு கூப்புடுற வரைக்கும் அவரு குனிஞ்சு அந்தக் கம்பை எடுக்கவே இல்ல.

அன்னைக்கே ஆபீசுக்குப் போனாரு. பழைய கிளாக்கரையா எப்பவோ ஊரோட போயிட்டாரு, இப்ப இருக்கிறது புது ஆளு. என்ன பேசுனாங்கன்னு எங்ககிட்டச் சொல்லல. "விசாரணைக்கு நானும் வர்றேன்"னு மட்டும் சொன்னாரு.

வட்டகொடையில ரயிலேறுனோம். பதினோரு பேரும் அவரும். எங்கள்ல பாதிப் பேரு அதுதான் முதல் தடவ ரயில்ல ஏறுறது. சுரங்கத்துக்குள்ள போயி வெளிய வந்தா பனி, பனிய விட்டு வெளிய வந்தா அருவி, அதுக்குப் பெறகு மறுபடியும் சுரங்கம். நாங்க விசாரணைக்குத்தான் போறோமா, இல்ல செத்து மேல போறோமான்னு ஒருத்தி கேட்டா. அவரு சன்னலோரமா உக்காந்து முழங்கால் மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு வந்தாரு. வேதத்துல இருந்து ஒரு வார்த்தகூட இல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. நானுஓயாவுல எறங்கி பஸ் புடிச்சு நுவரெலியா போனோம்.

விசாரிக்கிற ஐயாவுக்குப் பக்கத்துல தமிழ்ல சொல்லுறதுக்கு ஒருத்தர் இருந்தாரு. என்னைத்தான் முதல்ல கூப்புட்டாங்க.

"இவ ஒருத்தியா, ரெண்டு பேரா?"

"ஒருத்திதாங்க. அந்தப் பொஸ்தகத்துல இருக்கிறது பொய்யிங்க. பொய் எழுதச் சொன்னவன் நான்"னாரு கங்காணி.

"யாரு உனக்கு அதிகாரம் குடுத்தது?"

"யாரும் குடுக்கலீங்க. நானா எடுத்துக்கிட்டேன்."

அந்த ஐயா பேனாவக் கீழ வச்சுட்டு இவரைப் பாத்தாரு. "உன் ஆளுங்களோட பேரெல்லாம் நீ சொல்லித்தானே எழுதுறது? உன் பேரும் அப்படித்தானே?"

"ஆமாங்க."

அதையும் எழுதிக்கிட்டாங்க. அதுல என்ன இருக்குன்னு எனக்கு அப்ப வெளங்கல. பதினோரு தடவையும் எழும்பி நின்னு பதினோரு தடவையும் அதையே சொன்னாரு. சாயங்காலம் ஆயிடுச்சு.

தோட்டத்துல தொரை சும்மா விடல. பொஸ்தகத்துல பொய் எழுத வச்சவன்னு கங்காணி வேலையில இருந்து எறக்கி, கவ்வாத்துக்கு அனுப்பிட்டாரு. அந்த வயசுல, கத்தியத் தூக்கிக்கிட்டு, வயசுப் பயலுகளோட தேயிலை வெட்டப் போனாரு. எங்களுக்குப் புதுக் கங்காணி வந்தாரு. கோட்டு, தலப்பா, குடை, முன்னால நடை. பின்னால திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே நாங்க மலை ஏறுனோம்.

ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு எங்க பேப்பரு வர்றதுக்கு. மாரியாயி என்கிற மார்த்தான்னு ரெண்டு பேரும் போட்டு வந்துச்சு. எம் மகளைத் தூக்கிக்கிட்டு நாங்க குடியிருந்த லயத்தைச் சுத்திச் சுத்தி ஓடுனேன். அப்பறம் அந்தப் பேப்பரை மடியில சொருகிக்கிட்டு அவரு குடியிருந்த காம்பராவுக்குப் போனேன். அவரு வேலை விட்டு இன்னும் வரல. கங்காணியம்மா மட்டும் இருந்தாங்க. நாங்க மலைக்குப் போறப்ப கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல அவுங்கதான் ஆயா. வருசக்கணக்கா எங்க எல்லாரு புள்ளையையும் தூக்கி வளத்தவங்க. அதிகம் பேசமாட்டாங்க.

"வந்துடுச்சுக்கா!"ன்னேன்.

"எங்களுக்கும் வந்துச்சு, போன வாரம்"னாங்க. "தள்ளிட்டாங்க."

எனக்கு ஒண்ணும் புரியல. "உங்க பைலு நல்லாத்தானே இருந்துச்சு? கங்காணி பேருல ஒரு மாத்தமும் இல்லையே?"

"இல்லதான். பொஸ்தகத்துல பொய் எழுத வச்சேன்னு அவரே ஒத்துக்கிட்டாருல்ல? அவரு குடுத்த பேரு எதையும் நம்ப முடியாதுன்னுட்டாங்க. உங்களுக்கு அவரு சாட்சி நின்னாரு. அவருக்கு யாரு நிக்கிறது? அவருக்கு இல்லேன்னா எனக்கும் இல்ல." அடுப்பை ஊதிட்டு நிமுந்தாங்க. "நீ வாயத் தெறந்தா உன்னோடதும் போயிடும்னு புதுக் கிளாக்கரையா அன்னைக்கே சொல்லியிருக்காரு. தெரிஞ்சுதான் ரயிலேறியிருக்காரு. எனக்குக் கிளாக்கரையா வீட்டம்மா சொல்லித்தான் தெரியும், அதுவும் போன வாரம்."

மடியில இருந்த பேப்பரு சுட்டுச்சு. ஓடிப்போயிடலாமான்னு இருந்துச்சு. கேட்டது நான்தானே, பெரட்டுல அத்தனை பேரு முன்னால!

வாசல்ல இருமல் கேட்டுச்சு. உள்ள வந்தாரு, கையெல்லாம் கீறலு. என்னைப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. பேப்பரை வாங்கி வெளிச்சத்துல புடிச்சு என்னோட ரெண்டு பேரையும் ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு. சின்னப் புள்ள மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. "பதினொண்ணும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சுங்க. கங்காணி, உங்களோடது..."

அவரு பொண்டாட்டியத் திரும்பிப் பாத்தாரு. அவுங்க தேத்தண்ணிய ஆத்திக்கிட்டு இருந்தாங்க. அவருக்குச் சிரிப்பு மெல்லப் போயிடுச்சு. அவரு தெரிஞ்சேதான் ரயிலேறுனாருன்னு அவுங்களுக்கும் தெரியும்ங்கிறது அப்பத்தான் அவருக்கு வெளங்குச்சு. எதாவது வேதக் கதை சொல்லப்போறாருன்னு நெனச்சேன்.

"உன்ன ஒரு வார்த்த கேக்காமப் பண்ணிட்டேன்"னாரு.

அவுங்க கோப்பைய அவரு கையில குடுத்தாங்க.

"கேட்டிருந்தா நானே போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்"னாங்க. "நீங்க கேக்கலையே."